செண்பகத்திடம் ஒரு வார்த்தை

பூதலிங்கம் முப்பத்தாறு வருடம் ரயில்வே கேட்டைத் திறந்து மூடியவர். ஓய்வு பெற்ற மறு வருடம் மனைவி செண்பகம் இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. யாரிடமாவது பேசி இரண்டு நாளாயிற்று என்பது, தொண்டை கரகரக்கும்போதுதான் அவருக்கே தெரியும்.

மலையடிவாரத்தில் ஒரு துறவி அம்மா இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். குருவான அந்த அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் ‘தாயே’ என்றுதான் வாயில் வந்தது. அங்கேயே தங்கிவிட்டார்.

தினமும் ஒரே கேள்வி.

“செண்பகம் எங்கேயாவது இருக்கிறாளா, தாயே? நினைவோடு இருக்கிறாளா?”

குரு பதில் சொன்னதில்லை. மூன்றாவது மாதம் ஒரு காலையில் சொன்னார்:

“மலைக்கு அந்தப் பக்கம், செங்கல் சூளையில் ஒருவர் சாகக் கிடக்கிறார். பெயர் சுடலைமணி. சொந்தக்காரர் யாருமில்லை. போகிறவரிடமே கேட்டுப் பாருங்கள், ஐயா.”

பூதலிங்கம் அன்றே போனார். ஓலைக் கொட்டகையில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார் சுடலைமணி.

“ஒரு உதவி செய்யணும். போன பிறகும் நினைவு இருந்தா, எனக்கு ஒரு அடையாளம் காட்டணும்.”

சுடலைமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது.

“அந்தப் பானை மேல தகர மூடி இருக்கில்லா? அதைத் தட்டுதேன். இப்போ கொஞ்சம் தண்ணி தாங்க.”

தண்ணீர் கொடுத்தார். உடம்பைத் துடைத்துவிட்டார். புரட்டிப் படுக்கவைத்தார். சுடலைமணி கண்ணயர்வார். திடுக்கிட்டு விழித்துக் கேட்பார்:

“இருக்கியளா?”

“இருக்கேன்.”

ஒன்பதாம் நாள் நடுப்பகலில் உயிர் போனது. சூளைக்காரர்களோடு சேர்ந்து எரித்துவிட்டு வந்து, மூன்று நாள் தகர மூடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பூதலிங்கம். காற்றுகூட அடிக்கவில்லை.

திரும்பி வந்தார்.

“மூடி அசையவில்லை, தாயே.”

குரு கஞ்சி ஊற்றி முன்னால் வைத்தார். “அவர் உங்களிடம் என்ன கேட்டார்?”

“இருக்கியளா, இருக்கியளான்னு. வேற ஒண்ணும் கேட்கலை.”

“கடைசியிலும்?”

“அதேதான். கையைப் பிடிச்சுக்கிட்டு, இருக்கேன்னு சொன்னேன். அப்புறம் கேட்கலை.”

கஞ்சியை வாய்வரை கொண்டு போனவர் அப்படியே கீழே வைத்தார்.

“செண்பகம் போனப்போ நான் பக்கத்தில் இல்லை.”

மூன்று மாதத்தில் ஒருநாளும் அவர் இதைச் சொன்னதில்லை.

“ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கப் போனேன். பத்து நிமிஷம். திரும்பி வந்தா முகத்தை மூடியிருந்தாங்க. கண்ணு முழிச்சாளா, என்னைத் தேடினாளா, ஒண்ணும் தெரியலை.”

பூதலிங்கம் கஞ்சியை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

“அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்காகத்தான் கேட்கிறேன். இருக்கிறாளா, தாயே?”

“எனக்குத் தெரியாது, ஐயா.”

பூதலிங்கம் தலை குனிந்தார்.

குரு நகர்ந்து அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“சொல்லுங்கள்.”

“யாரிடம்?”

“அவள் இருந்தால் அவள் கேட்கட்டும். இல்லாவிட்டால் நான் கேட்கிறேன்.”