கடைசியாக வந்த எண்

மீன் உறைய வைக்கும் ஆலையில் அம்மோனியா கசிந்தது. மணி அடிக்கவில்லை. வேலையாள் சந்தியாகு தெரியாமல் குளிர் அறைக்குள் போனான். தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கசிவைக் கவனிக்கும் கருவிகளுக்குப் பொறுப்பு இசக்கியப்பன். ஐம்பது தாண்டியவர். இந்த வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் எமல்டா. அவருக்கு அவள் மகள் வயது. அதனால் என்ன. குரு குருதான்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனார். உட்காரவில்லை.

“என் மேல பழி போடுதாங்க டீச்சர். பெட்டி மேல தப்பில்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நாளைக்குப் புது சென்சார் மாட்டி அறையைத் திறக்கப் போறாங்க.”

பெட்டி என்றது, சென்சாருக்கும் திரைக்கும் நடுவில் இருப்பது. சென்சாரிடம் கேட்கும், திரைக்குச் சொல்லும். அவ்வளவுதான். அதற்குப் புரோகிராம் எழுதியவர் இசக்கியப்பன்.

“அடியிலேருந்து சொல்லுங்க அண்ணாச்சி,” என்றாள் எமல்டா.

“கம்பி சரி. முனை முனையாத் தொட்டுப் பாத்துட்டேன்.”

“அதுக்கு மேல?”

“முகவரி சரி. கேட்டது பெட்டிக்கு, பதில் திரைக்கு. மாறிப் போகல.”

“அதுக்கு மேல?”

“வழியில ஒரு எழுத்துகூட சிதையல. சரிபார்க்கிற எண் ரெண்டு பக்கமும் ஒண்ணு.”

“உச்சியில?”

“கசிவு பூஜ்யம்னு வந்துக்கிட்டே இருந்தது. நிமிசம் தவறாம.”

“சென்சார்?”

“அது செத்து ஒரு வாரம் இருக்கும். உப்புக்காத்து.”

எமல்டா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

“பதில் வரலன்னா திரை செவந்துபோய்க் கத்தும் டீச்சர். மேனேஜர் என்னைத்தான் ஏசுவாரு. அதான், கடைசியா வந்த எண்ணையே சொல்லிக்கிட்டிருன்னு பெட்டியில எழுதி வச்சேன். ஊருல செய்யாததா? சென்சார் செத்ததுக்கு நானா பொறுப்பு?”

அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

“சந்தியாகு உங்க தெருதானே டீச்சர். எப்படி இருக்கான்?”

“நல்லா இருக்கான்.”

உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை எடுத்தார்.

“மூச்சு நல்லா விடுதானா?”

“நல்லா இருக்கான்.”

“குழாயை எடுத்துட்டாங்களா?”

“நல்லா இருக்கான்.”

“ஆளு அடையாளம் தெரியுதாமா?”

“நல்லா இருக்கான்.”

டம்ளர் பாதி வழியில் நின்றது.

“நீங்க எப்ப பாத்தீங்க?”

“போன ஞாயித்துக்கிழமை. கோயில் வாசல்ல. பிள்ளையைத் தோள்ல வச்சிருந்தான்.”

“எம்மா, அவன் விழுந்தது நேத்து!”

“ஆமா.”

“இப்ப எப்படி இருக்கான்னு கேக்கேன்!”

“இப்ப தெரியாது.”

“தெரியாதுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே! இருக்கானோ இல்லையோன்னு ஒருத்தன் தவிச்சுக்கிட்டு…”

நிறுத்தினார்.

பிறகு எழுந்தார். கேட்க வந்த வார்த்தையை மறந்தாரா, வேண்டாமென்று விட்டாரா, எனக்குத் தெரியாது. எமல்டா ஞாபகப்படுத்தவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனார். சந்தியாகுவின் மூக்கில் குழாய் இருந்தது. கண் திறந்திருந்தான். பேச்சு வரவில்லை. இவரைப் பார்த்து விரலை அசைத்தான்.

அங்கிருந்து நேரே ஆலைக்கு.

மறுநாள் காலை. இறால் கூடைகளோடு பெண்கள் அறை வாசலில் நின்றார்கள். புது சென்சாரின் கம்பி எங்கோ தளர்ந்திருக்க வேண்டும். திரை முழுக்கச் சிவப்பு. மணி அலறியது. பெண்கள் பின்வாங்கினார்கள்.

மேனேஜர் ஓடிவந்தார்.

“கசிவா?”

“தெரியாது சார்.”

“தெரியாதுன்னா என்னய்யா அர்த்தம்? லாரி நிக்குது. எவன் இதை இப்படி மாத்தி வச்சது?”

“நான்தான்,” என்றார் இசக்கியப்பன்.