நாவலேரியில் மனை விற்பனை

இளஞ்சேந்தன் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். பொறுமைதான் கிடையாது. காலையில் விதைத்த கீரையை மாலையில் கூட்டு வைக்கச் சொல்லுவார். அப்படிப்பட்டவரிடம் வெளியூரிலிருந்து காரியப்பன் என்ற நிலத்தரகன் வந்து சேர்ந்தான்.

"அரசே, வரி வாங்கி எப்போது கஜானா நிரம்புவது? நாவலேரி கோடையில் முக்கால்வாசி வற்றிக் கிடக்கிறது. மனை போட்டு விற்றுவிடலாம். புது அரண்மனை அந்தப் பக்கம் வருகிறதென்று நாலு பேர் காதில் போட்டால் போதும். பத்தே நாளில் லாபம்."

"புது அரண்மனை வருகிறதா?" என்றார் ராஜா, ஆசையாக.

"வராது அரசே. ஊர் பேசினால் போதும்."

ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

அந்த ஏரியை நம்பி ஏழு ஊர் வயல்கள் இருந்தன. ஏரி போனால் ஏழு ஊரும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். குடியானவர்கள் அரசவை விகடன் அம்பலவனிடம் ஓடினார்கள்.

"கவலைப்படாதீங்க. முதல் மனையை நான் வாங்குறேன்" என்றான் அவன்.

அவர்கள் அவனைத் திட்டிக்கொண்டே போனார்கள். நானாக இருந்தாலும் திட்டியிருப்பேன்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரண்மனை நிலத்தை யாருக்குக் கொடுத்தாலும் அரண்மனைப் பெண்யானையை நடக்க விடுவார்கள். அது சுற்றி வந்த இடம்தான் எல்லை. வாங்குகிறவர்கள் நம்ப வேண்டுமே என்று காரியப்பனும் அதையே பறையறைந்து சொன்னான். யானை ஒரு சுற்று வந்தால் ஒரு மனை, விலை நூறு பொன். கரும்பைக் காட்டிச் சின்னதாகச் சுற்றவைத்துவிடலாம் என்று அவனுக்கு நினைப்பு.

விற்பனை நாள். அம்பலவன் நூறு பொன்னைக் கட்டினான். யானை செங்கமலம் வந்தது. காரியப்பன் கரும்போடு முன்னே போனான்.

"கரும்பைக் கீழே போடும் ஐயா. யானை தன் இஷ்டத்துக்கு நடந்தால்தான் பட்டயம் செல்லும். என்ன அரசே?" என்றான் அம்பலவன்.

"அதுதான் வழக்கம்" என்றார் ராஜா. பாகனும் இறங்கிக்கொண்டான்.

தினமும் பாகன் செங்கமலத்தை ஏரிக்கரை முழுக்க ஒரு சுற்று நடத்திப் பழக்கியிருந்தான். இது அம்பலவனுக்குத் தெரியும். வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? யானை காதை ஆட்டியது. கரைமேல் ஏறியது. நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. காரியப்பன் பின்னாலேயே ஓடி, "திரும்பு தாயே, திரும்பு" என்று கெஞ்சினான். உச்சி வெயிலில் அது ஏரியைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"ஒரு சுற்று, ஒரு மனை" என்றான் அம்பலவன். "பட்டயம் எழுதச் சொல்லுங்கள்."

"அநியாயம் அரசே. இவ்வளவு பெரிய மனை உலகத்தில் உண்டா?" என்று காரியப்பன் மூச்சு வாங்கினான்.

"அளவை நீர் சொல்லவில்லையே ஐயா. யானைதானே சொன்னது?"

ராஜா சொன்ன வாக்கை எப்படி மீறுவது? பட்டயம் எழுதியாயிற்று. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"அம்பலவா, அரண்மனைக்குத் தண்ணீர் அந்த ஏரியிலிருந்துதானே வருகிறது?"

"ஆமாம் அரசே. இனி மதகு என்னுடையது."

"ஏரியைத் திருப்பிக் கொடுத்துவிடு."

"விற்கிறேன். ஆயிரம் பொன். இனி யாரும் மனை போடக்கூடாது என்று கல்லில் வெட்டித் தரவேண்டும்."

"காலையில் நூறு, மத்தியானம் ஆயிரமா?"

"சீக்கிர லாபத்துக்குத்தானே ஆசைப்பட்டீர்கள். காரியப்பன் பத்து நாள் கேட்டான். எனக்கு அரை நாள் போதும்."

"இந்த விலைக்கு எவன் வாங்குவான்?"

"தாகம் எடுக்கிறவர் யாராக இருந்தாலும் வாங்குவார் அரசே. நீங்கள் காலையிலிருந்து வெயிலில் நிற்கிறீர்கள்."

ராஜா வறண்ட நாக்கால் உதட்டைத் தடவினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, ஆயிரம் பொன்னையும் எண்ணி வைத்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் கேட்டார்.