ஏழரை யூனிட் ஜல்லி

கருமலை அடிவாரத்தில் ஒரு மடம். அதன் தலைவி வடிவாம்பிகை அம்மையாருக்கு நாற்பது வயதுதான். சீடர் சபாரத்தினமோ அறுபதைத் தாண்டியவர். நெடுஞ்சாலைத் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வட்டாரத்துச் சாலைகளில் பாதி தன் கண் முன்னால் உருவானவை என்று பெருமையாகச் சொல்வார். அவற்றிலுள்ள பள்ளங்களைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

மடமே கதி என்று வந்து வருஷங்கள் ஆகியும் அவருக்குத் தீட்சை கிடைக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த தையல்காரர்கூட வாங்கிக்கொண்டு போய்விட்டார். சபாரத்தினத்துக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"அம்மா, எங்கிட்ட என்னதான் குறை?"

அம்மையார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மழையில் முற்றம் சேறாகிக் கிடந்தது.

"குருபூஜைக்கு ஜனம் வரும். முற்றத்துல ஜல்லி போடணும். எவ்வளவு வேணும்னு நீங்களே பாத்து முடிச்சிடுங்க, ஐயா."

"அப்புறம் தீட்சை?"

"அன்னிக்கே வச்சுக்கலாம்."

சபாரத்தினத்தின் முகம் மலர்ந்துவிட்டது. இது சோதனை என்று அவருக்கா புரியாது? அதுவும் மனுஷன் கரைத்துக் குடித்த பாடத்தில் வைத்த சோதனை!

டேப்பைப் பிடித்தார். அறுபதடி நீளம், முப்பதடி அகலம், நாலு இஞ்ச் கனம். அறுநூறு கன அடி, அதாவது ஆறு யூனிட். உருளை இழுத்தால் கல் அமுங்கும், அதற்குக் கால் பங்கு கூட்ட வேண்டும்.

"ஏழரை" என்று அறிவித்தார்.

சமையற்கட்டிலிருந்து மடத்துச் சமையல்காரி கோமதி தலையை நீட்டினாள். "நல்ல நாளும் அதுவுமா அந்த நம்பர்தான் கெடச்சுதா உங்களுக்கு?"

"கணக்குக்கு ராகுகாலம் எமகண்டம் கெடையாதும்மா. நீ ரசத்தைப் பாரு."

டிப்பர் வந்து கொட்டியது. முழுசாக ஒன்றரை இஞ்ச் கருங்கல் ஜல்லி. சபாரத்தினம் பூட்ஸை மாட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்து வேலை வாங்கினார். பரப்பி, உருளை இழுத்து முடித்தபோது ஒரு கூடை மிஞ்சவில்லை, ஒரு கூடை குறையவில்லை. அவருக்கே கண் கலங்கிவிட்டது. சர்வீஸில் ஒருமுறைகூட இப்படிக் கச்சிதமாக அமைந்ததில்லை.

குருபூஜை அன்று வெளிவாசலில் கம்பீரமாக நின்றுகொண்டார். ஜனம் வந்தது. மடத்து வழக்கப்படி எல்லோரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். பயபக்தியோடு முதல் அடி வைத்தார்கள்.

"ஐயோ!"

"அம்மாடி!"

"சிவசிவா!" என்றவர் மட்டும் பக்தியில் சொன்னாரா வலியில் சொன்னாரா என்று தெரியவில்லை.

நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே நுழைந்தார். நடு முற்றத்தில் ஒரு ஸ்வரம் கீச்சென்று எகிறி, மல்லாரி பாதியில் நின்றது. தவில்காரர் எடையைக் குறைக்கத் தவிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். பழத்தட்டோடு வந்த பெரியவர் ஒற்றைக் காலில் நின்றார். அடுத்த காலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முற்றம் முழுக்கத் தாண்டவம்தான்.

சபாரத்தினத்துக்குக் கோபம் வந்தது. "ஏங்க, நேரா நடங்க! நல்லா உருட்டின தளம்ங்க இது!" என்று கத்தினார்.

பழத்தட்டுப் பெரியவர் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவருடைய பூட்ஸைப் பார்த்தார். சபாரத்தினத்துக்குச் சுருக்கென்றது.

அந்த நேரம் பார்த்து முற்றத்தின் மறுகோடியில் சன்னதிக் கதவு திறந்தது. அம்மையார் படியில் வந்து நின்றார்.

சபாரத்தினம் இங்கிருந்தே குரல் கொடுத்தார். குரலில் பாதி அழுகை.

"அம்மா, கணக்குல ஒரு தப்பும் இல்லீங்களே! எத்தனை தடவை சரிபாத்தேன்!"

"தப்பே இல்ல ஐயா. ரொம்பக் கச்சிதம்."

"அப்ப தீட்சை?"

"தயாரா இருக்கு" என்றார் அம்மையார். "பூட்ஸைக் கழட்டிப் போட்டுட்டு, நடந்து வாங்க."