சந்தனக் கும்பாவும் மூன்றாம் முடிச்சும்

முன்னொரு காலத்திலே, கல்லுக்கும் வாய் இருந்த காலத்திலே, மருதநாட்டில் செங்கமலம் என்றொருத்தி இருந்தாள். தாய் தகப்பனை இழந்த தம்பி வேலப்பனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கட்டிய புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசை. தம்பி தாலி கட்டும்போது மூன்றாம் முடிச்சை அவள் போட வேண்டும். மாப்பிள்ளையின் அக்காள் போடுகிற முடிச்சு அது.

கல்யாண நாளும் வந்தது. பந்தல் வாசலில் சந்தனக் கும்பாவோடு நின்றவன் யார் தெரியுமா? கருங்கோடன் என்கிற மந்திரவாதி! அவனுக்குக் கோட்டை கட்டக் கல் வேண்டும். கோவித்துக்கொள்பவர் கல்லாவதுதான் அவன் மந்திரம். கல்யாண வீட்டை விட்டால் சுலபமாக வேறு எங்கே கிடைக்கும்?

பெரியப்பா வந்தார். கருங்கோடன் அவரைத் தாண்டிப் பின்னால் வந்தவருக்குச் சந்தனத்தை நீட்டினான். "எனக்கு மரியாதை இல்லை!" என்றார் பெரியப்பா. சொன்ன மாத்திரத்தில் கல்லானார். சித்தி வந்தாள். அவளையும் தாண்டினான். "எனக்கு மரியாதை இல்லை!" கல்லானாள். தாய்மாமன் வந்தார். "எனக்கு மரியாதை இல்லை!" அவரும் கல்.

பந்தலே அலறியது. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் தாலி கட்டுவது எப்படி? முகூர்த்தமோ நெருங்கிவிட்டது.

செங்கமலம் கருங்கோடனை வழிமறித்தாள். "இதுக்கு மாற்று சொல்லாம நீ இங்கிருந்து நகர முடியாது!"

அவன் சிரித்தான். "கல்லைப் பார்த்து 'வாங்க'ன்னு கூப்பிடு. கல் பேசும். அது பேசுறதைக் கேட்டும் முகம் திருப்பாம மறுபடி கூப்பிட்டா, கல் ஆளாகும். முகத்தைத் திருப்பினா நீயும் கல்!"

"வாங்க பெரியப்பா."

"உங்கப்பன் இருந்திருந்தா எனக்கு இந்த அவமானம் நடக்குமா?"

"நடக்காது பெரியப்பா. அதனாலதான் நீங்க வேணும். வாங்க."

பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"வாங்க சித்தி."

"உன் கல்யாணத்துல எனக்கு எடுத்த சேலை ஒரே துவையல்ல சாயம் போச்சுடி!"

"இந்தத் தடவை நீங்களே கடைக்கு வந்து எடுங்க. வாங்க."

சித்தி கொண்டையைச் சரிசெய்துகொண்டு வந்தாள்.

"வாங்க மாமா."

"முடிச்சுப் போட என் மக இருக்கா. புருஷன் இல்லாதவ நீ, தள்ளி நில்லு."

செங்கமலத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இடுப்பில் சுமந்தது யார்? இரவெல்லாம் விழித்தது யார்? முகம் தானாகத் திரும்பப் பார்த்தது. பாதம் கல்லானது, முழங்கால் கல்லானது. மேடையில் வேலப்பன், "அக்கா!" என்று கத்தினான்.

செங்கமலம் கழுத்தை நிமிர்த்தி மாமனை நேராகப் பார்த்தாள்.

"தள்ளி நிக்க மாட்டேன் மாமா. கோவிச்சுக்கவும் மாட்டேன். முடிச்சு நான்தான் போடுவேன். நீங்க பக்கத்துல நின்னு பாக்கணும். வாங்க!"

அவள் கால் இளகியது, மாமனும் இளகினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாம்மா, நேரமாச்சு" என்று அவளை முன்னே நடக்கவிட்டார்.

நாலடி போனவள் திரும்பினாள். "கருங்கோடரே, நீங்களும் சாப்பிட்டுட்டுப் போங்க. முதல் பந்தி நிறைஞ்சு போச்சு, அடுத்த பந்தியில உக்காருங்க."

"என்னது, அடுத்த பந்தியா? எனக்கு மரியாதை இல்லை!" என்றான் கருங்கோடன். கும்பாவோடு அப்படியே கல்லானான்.

மேளம் கொட்டியது, மாமன் மாலை எடுத்துக் கொடுத்தார், வேலப்பன் தாலி கட்டினான். செங்கமலம் மூன்றாம் முடிச்சை இறுக்கிப் போட்டாள். முதல் அட்சதையை, மணமக்களுக்கும் முன்னே, அவள் தலையில் போட்டவர் மாமன்தான்.

அந்தக் கல் இன்னும் அங்கேதான் நிற்கிறதாம். எந்தக் கல்யாணமானாலும் செங்கமலம் வீட்டார் அதைப் பார்த்து "வாங்க" என்பார்களாம். அது வசை பாடுமாம். அவர்கள் சிரித்துக்கொண்டே மறுபடி கூப்பிடுவதற்குள், "கூப்பிட்ட லட்சணத்தைப் பாரு!" என்று அதுவே முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாம்.