ரெண்டு கை முதலை

இரண்டுக்கு மேல் எண்களுக்குப் பெயரே வைக்காத காலம். எதை எண்ணினாலும் விரலை மடக்கித்தான் எண்ண வேண்டும்.

காட்டில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிச்சம். அது முழுக்க முதலைகள். கரைப் பாறையில் குரங்குக் கூட்டம் நாக்கு வறண்டு கிடந்தது. ஒரு மந்தியின் குட்டி கண்ணையே திறக்கவில்லை.

தலைவன் கடுவன் குளத்துத் தவளையைக் கூப்பிட்டது.

"ஏய் வழவழப்பா! உள்ள எத்தனை முதலை?"

"சரியா ரெண்டு கை!" என்றது தவளை.

"அத்தனையும் கரையேறட்டும். அப்புறம்தான் நாம இறங்கணும்!"

வெயில் ஏறியது. முதலைகள் ஒவ்வொன்றாக எதிர்க்கரை மணலில் ஏறிப் படுத்தன. ஒரு முதலைக்கு ஒரு விரல் என்று கடுவன் மடக்கியது. எட்டு விரல் மடங்கிவிட்டது. இரண்டு விரல் நீட்டியபடியே நின்றது.

"இன்னும் ரெண்டு உள்ள இருக்கு. எவனும் அசையாதே!"

தண்ணீரில் ஒரு குமிழி வெடித்தது. எல்லாக் குரங்கும் பின்னால் துள்ளின. வெறும் மீன்.

"அண்ணே, குட்டிக்கு மூச்சு இழுக்குது!" என்றது மந்தி.

"இறங்கினா நீயும் போவே, அதுவும் போகும். விரல் பொய் சொல்லாதும்மா!"

"உங்க விரல் சொல்லாது. எண்ணினது தவளையாச்சே!" மந்தி சேற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தது. "டேய், உன் கையைத் தூக்கு!"

தவளை முன்னங்கால் இரண்டையும் விரித்தது. ஒவ்வொன்றிலும் நாலே விரல்!

மந்தி தவளையின் விரலையும் கரையில் கிடந்த முதலையையும் மாறி மாறிப் பார்த்தது. ஒரு விரல்கூட மிஞ்சவில்லை. "எல்லாமே கரையிலதான் கிடக்கு!" என்று கத்திக்கொண்டே குட்டியோடு தண்ணீருக்கு ஓடியது. கூட்டமும் பின்னாலேயே ஓடியது.

கடுவன் மட்டும் வரவில்லை. "கைன்னா ஆளுக்கு ஒரு தினுசாவா இருக்கும்? என் கைதான் கை!" என்று முதலில் இருந்து மடக்க ஆரம்பித்தது.

எதிர்க்கரையில் ஒரு முதலை வாயை மூடியது. குட்டி முதல் மடக்கை விழுங்கியது. இன்னொரு மடக்கு. முதலை வால் அசைந்தது.

"போதும், ஏறுங்க!" என்று கத்தியது மந்தி.

கடைசிக் குரங்கு பாறையைத் தொட்டபோது முதலைகள் சரசரவென்று தண்ணீரில் இறங்கின. அப்போதுதான் கடுவன் எழுந்து வந்தது. பாறையடி ஈரத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பியது.

"எனக்கு ஒரு வாய் கொண்டு வரலையா?"

"உங்க விரல் ரெண்டு இன்னும் நீட்டிக்கிட்டிருக்கே அண்ணே, அதை முதல்ல மடக்குங்க!" என்றது மந்தி. குட்டி கண்ணைத் திறந்து அதன் மார்பில் முட்டியது.

அடுத்தவன் சொன்ன கணக்கை நம்பும் முன், அவன் எந்தக் கையால் எண்ணினான் என்று பார்.