செவந்தியக்காவின் கடைவாய்ப்பல்

"லட்சம் கடி கடிச்சுப் பார்த்தாச்சு அம்மா! இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

மாசிலாமணி கத்தியே விட்டார்.

பல்லுக்கு மாட்டுகிற கேப்புக்காக உலோகங்களை உருக்கிக் கலந்து பார்க்கும் கூடம் அது. சீடர் மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு வயசு. குரு திலோத்தமைக்கு முப்பத்தெட்டு. வயசு கிடக்கட்டும், அங்கே அவர் வைத்ததுதான் சட்டம்.

கடிக்கிற இயந்திரத்தில் மாசிலாமணியின் உலோகம் தேயவில்லை. செயற்கை எச்சிலில் ஒரு மாதம் ஊறியும் கறுக்கவில்லை.

ஆனால் அதை மாட்டிக்கொண்ட மீன்காரி செவந்தியக்கா மூன்றாம் நாளே வந்து நின்றாள்.

"துருப்பிடிச்ச ஆணிய நக்குற மாதிரி இருக்குங்க. சோறு எறங்கல. கழட்டிப் போடுங்க!"

அவள் இப்படி வந்து நிற்பது இது நாலாவது தடவை.

"கோளாறு அக்கா வாயிலதான்" என்றார் மாசிலாமணி.

திலோத்தமை செயற்கை எச்சில் பாட்டிலை எடுத்துக் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தார். அக்காவின் இடுப்பிலிருந்த சுருக்குப்பையைக் கேட்டு வாங்கி, இயந்திரத்தின் முன்னால் கொட்டினார்.

வெற்றிலை. பாக்கு. சுண்ணாம்பு.

மாசிலாமணி திருதிருவென்று விழித்தார்.

"நீங்க ஊறவச்சது யார் எச்சில்ல, ஐயா?"

மனுஷருக்குச் சுரீரென்றது. அன்றே வெற்றிலைச் சாறும் சுண்ணாம்பும் கலந்து, அதில் உலோகத்தைப் போட்டார். ஒன்பதே நாளில் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது.

"அட கடவுளே! இதையா அந்தப் பொம்பள வாயில வச்சேன்?"

மறுபடி உருக்கினார். குரோமியத்தைக் கூட்டினார், நிக்கலை அடியோடு விலக்கினார். வெற்றிலைச் சாறு போதாதென்று புளிக்குழம்பிலும் ஊறப்போட்டார். கூடமே சமையல்கட்டாய் மணந்தது. ஏழு மாதம் போயிற்று. பதினோராவது கலவை கறுக்கவில்லை.

"இதுவும் தோத்தா நான் மூட்டையக் கட்டிடுறேன். இப்பவாவது பாஸ்னு சொல்லுங்க அம்மா."

"நான் யாரு சொல்ல?"

பல் டாக்டர் கேப்பை மாட்டிவிட்டார். மூன்று நாள் ஆயிற்று. அக்கா வரவில்லை. பத்து நாள். ஒரு மாதம். வாசலையே பார்த்துப் பார்த்து மாசிலாமணிக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

பொறுக்கமாட்டாமல் மீன் மார்க்கெட்டுக்கே போய்விட்டார்.

செவந்தியக்கா வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். வாய் நிறைய வெற்றிலை.

"அக்கா... பல்லு எப்படி இருக்கு?"

அவள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். நாக்கால் இந்தப் பக்கம் துழாவினாள். அந்தப் பக்கம் துழாவினாள்.

"எந்தப் பல்லுங்க?"

மார்க்கெட் நடுவில், மீன் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க, துள்ளிக் குதித்தார் மாசிலாமணி.