நூற்றெண்பது டிகிரிப் பந்தல்

கோணப்பட்டியில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழித்ததில்லை.

அந்த ஊர்ச் செங்கமலத்துக்கு விடிந்தால் கல்யாணம். மாப்பிள்ளை தவசி மூன்று மணி நேரம் அசராமல் எதிர்வாதம் செய்வான். அப்படி ஒருத்தனை விடுவாளா? ஆனால் பந்தல் வாசலில் கட்டும் வாழைமரம் இரண்டையும் மேற்குப் பக்கம் நட்டுத் தொலைத்திருந்தார்கள். "வாசல் கிழக்கே பார்க்கலேன்னா வண்டியைத் திருப்பிருவோம்" என்று தவசியின் அப்பா கருமலை சொல்லியனுப்பிவிட்டார்.

கணக்குப் படித்த செங்கமலம் வரைபடத் தாளில் பந்தலை வரைந்தாள். "அப்பா, நல்லாக் கேளுங்க. மையம் நகரக் கூடாது. அதைச் சுத்தி பந்தல் நூத்தியெண்பது டிகிரி திரும்பணும்."

"மையத்தை நான் பார்த்துக்கிறேன்" என்று சித்தப்பா ஒச்சப்பன் நட்டநடுவில் குப்புறப் படுத்து மண்ணைப் பிடித்துக்கொண்டார்.

கனம் குறையட்டும் என்று வாழைகளை முதலில் பிடுங்கினார்கள். நாற்பது பேர் பந்தலைத் தூக்கி, வேர்த்து விறுவிறுத்துப் பாதிச் சுற்று சுற்றி இறக்கினார்கள். ஒவ்வொரு காலும் எதிர்மூலைக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது.

அப்பா வேலப்பன் எட்டி நின்று பார்த்தார். "முன்னே இருந்த மாதிரியேல்ல இருக்கு?"

"செவ்வகம் அப்படித்தான்பா தெரியும்! வாழையைக் கிழக்கே நடுங்க."

"அங்கே குழி இல்லையே தாயி." பழைய குழியிலேயே நட்டார்கள். வாசல் மறுபடி மேற்கு.

"புதுக் குழி தோண்ட வேண்டியதுதானே!"

"மையம் ஆடிப்போயிரும்" என்றார் ஒச்சப்பன், படுத்தபடியே.

பந்தலைத் தொடாமல் வாழையை மட்டும் மாற்றியிருக்கலாம் என்று செங்கமலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே சொல்வாளா?

வேலப்பன் நெடுநேரம் யோசித்தார். "வாசல் திரும்ப மாட்டேங்குது. கிழக்கைத் திருப்பிருவோம்." மேற்கு வேலியில் 'கிழக்கு' என்று எழுதிய பலகை ஏறியது.

"பலகை மாட்டினா திசை மாறுமாப்பா?"

"பஸ்ஸுல பலகையை மாத்தினா போற ஊரே மாறுதே!"

மறுநாள் விடிவதற்கு முன்பே வந்த கருமலை, டார்ச் அடித்துப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். பரம திருப்தி. "சூரியன் உதிச்சதும் தாலி கட்டிரலாம்."

எல்லாரும் பந்தலுக்கு வெளியே வந்து பலகையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். முதுகு சுட்டது; யாரும் திரும்பவில்லை. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது, யாரும் நிமிரவில்லை. சாயங்காலம் பலகைக்கு மேலே செக்கச்செவேலென்று சூரியன்! கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது.

செங்கமலத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மாமா, சூரியன் கீழே போகுதே, பார்த்தீங்களா?"

"லேட்டா வந்தாலும் பந்தியில உட்காரணும்லம்மா" என்ற கருமலை சமையல்காரரைப் பார்த்துக் கத்தினார்: "அவருக்கும் ஒரு இலை போடுங்கய்யா!"